முப்பத்தஞ்சு வயசுல நீட்: எந்த வருஷம் எழுதுறதுன்னு எப்படி முடிவு பண்றது

2025 ஜூன்ல நீட் ரிசல்ட் வந்து ஒரு வாரம் இருக்கும். காட்பாடில எங்க டியூஷன் மாடில ஈவினிங் பேட்ச அனுப்பிட்டு போர்ட தொடச்சிட்டு இருந்தேன், படியேறி ஒரு அம்மா வந்தாங்க. எந்தப் பையனோட அம்மான்னு கேட்டேன். "பையன் இல்லண்ணா, நான் தான் படிக்கணும்"னாங்க. குடியாத்தம் ஊரு, வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ், வயசு 35, நைட் ட்யூட்டி முடிச்சிட்டு பகல்ல சரியா தூங்காம வந்த கண்ணு. கையில ஒரு மஞ்சப் பை, அதுக்குள்ள 2007 பிளஸ் டூ மார்க் ஷீட்டு. உக்காந்ததும் மொத கேள்வியே இதான்: "அண்ணா, வர்ற மே மாசமே எழுதிடட்டுமா, இல்ல ஒரு வருஷம் தள்ளி எழுதட்டுமா?"

நான் பதில் சொல்லல, திருப்பி ஒரு கேள்வி கேட்டேன். "2026 ஆகஸ்ட்ல உங்களால வேலைய விட முடியுமாம்மா?" அவங்க ரொம்ப நேரம் பேசவே இல்ல. இந்தக் கேள்விய யாருமே அவங்கள கேட்டதில்லயாம்.

இந்தக் கட்டுரைய எழுதுறதுக்கு காரணமே அந்தக் கேள்வி தான். வயசு தாண்டி டாக்டருக்கு படிக்கணும்னு வர்றவங்க எல்லாரும் பரீட்சை தேதிய வச்சு கணக்கு போடுறாங்க. சேர்ற தேதிய வச்சு பின்னாடி கணக்கு போட்டுகிட்டு வரணும். பதினேழு வயசு பசங்களுக்கு இந்த ரெண்டும் ஒண்ணு தான், பிளஸ் டூ முடிஞ்சா அவங்களுக்கு வேற வேலை கிடையாது, அப்பா அம்மா பொட்டி கட்டி அனுப்பிடுவாங்க. குடும்பம், லோனு, வேலைன்னு இருக்குறவங்களுக்கு மே மாசத்துக்கும் ஆகஸ்டுக்கும் நடுவுல இருக்குற அந்த மூணு மாசம் தான் எல்லாத்தையும் கவுத்துடுது.

மொதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்துடலாம், ஏன்னா இன்னமும் நெறய பேரு "25 வயசு தாண்டிட்டா எழுத முடியாதே"ன்னு தான் ஆரம்பிக்கிறாங்க. அந்த பயத்துக்கு ஒரு காரணம் இருந்துச்சு. பொதுப் பிரிவுக்கு 25, இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 30னு ஒரு வரம்பு வச்சிருந்தாங்க, 2017ல மூணு தடவ தான் எழுதலாம்னு கூட ஒரு பேச்சு வந்துச்சு. வயசு வரம்ப எதுத்து கோர்ட்டுக்கு போனாங்க, வருஷக்கணக்கா கேஸ் ஓடுச்சு, அதுவரைக்கும் எழுதினவங்க எல்லாம் "தீர்ப்புக்கு உட்பட்டு"ன்னு ஒரு கத்தி தொங்கிட்டு தான் எழுதினாங்க. 2022 மார்ச்ல தேசிய மருத்துவ ஆணையம் மேல் வயசு வரம்பையே எடுத்துடுச்சு. இப்ப கீழ் வரம்பு மட்டும் தான், சேர்ற வருஷம் டிசம்பர் 31க்குள்ள 17 முடிஞ்சிருக்கணும். எத்தன தடவ வேணா எழுதலாம். ஒடிசாவுல பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆன ஒருத்தர் 2020ல 64 வயசுல பாஸ் பண்ணி அங்க பர்லா அரசு மருத்துவக் கல்லூரில சேர்ந்தாரு. நம்ம தென்காசி பக்கம் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா 49 வயசுல, பொண்ணோட சேர்ந்து படிச்சு 2025 நீட் எழுதி, மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டுல விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரில சீட்டு வாங்கினாங்க. அதனால "முடியுமா"ன்னு கேக்குற காலம் போயிடுச்சு, "எப்ப"ங்கறது தான் இப்ப பாக்க வேண்டியது.

அந்த "எப்ப"ல பெரிய குழப்பம் என்னன்னா ஸ்கோர் எத்தன நாள் செல்லும்ங்கறது. குடியாத்தம் அம்மாவுக்கு அமெரிக்காவுல ஒரு சித்தி பொண்ணு, அவ சொன்னாளாம், "நீ மொதல்ல எழுதி மார்க்க கையில வச்சிக்கோ, அப்புறம் எப்ப வேணா அப்ளை பண்ணலாம்"னு. அவ ஊரு கணக்குக்கு அது சரி தான். அங்க எம்கேட்னு ஒரு பரீட்சை, ஜனவரில இருந்து செப்டம்பர் வரைக்கும் நெறய தேதி, உங்களுக்கு தோதான தேதிய எடுத்துக்கலாம், ஸ்கோர பெரும்பாலான காலேஜ் ரெண்டு மூணு வருஷம் வரைக்கும் ஏத்துக்கும். ஆனா வாழ்நாளுக்கே மொத்தம் ஏழு தடவ தான் எழுதலாம், அதனால அங்க தயாராகாம போய் எழுதினா ஒரு வாய்ப்பு வீணாப் போகும், அப்ளை பண்ற வருஷத்துக்கு அடுத்த வருஷம் தான் காலேஜே ஆரம்பிக்கும். வேலைக்கு போயிட்டு படிக்கிறவனுக்கு கைல ஒரு வருஷத்துக்கு மேல அவகாசம் இருக்கு.

நம்ம நீட்டு அப்படியே தலகீழ். வருஷத்துக்கு ஒரே ஒரு நாள். எத்தன தடவ எழுதினாலும் தடையில்ல, ஆனா அந்த மார்க்கு உள்நாட்டு எம்பிபிஎஸ் சீட்டுக்கு அந்த ஒரு வருஷம் தான் செல்லும். இந்த வருஷம் 600 வாங்கிட்டு அடுத்த வருஷம் போய் நின்னா அது வெறும் பேப்பர். அதனால "எழுதி வச்சிக்கோ"ங்கற வார்த்தைக்கு இங்க அர்த்தமே இல்ல. ஒரே ஒரு விதிவிலக்கு வெளிநாட்டுல போய் படிக்கிறவங்களுக்கு, அவங்களுக்கு நீட் பாஸ் ரிசல்ட்டு மூணு வருஷம் செல்லும். அந்தப் பக்கம் போறவங்க வேற கணக்கையும் பாக்கணும், படிப்பு குறைஞ்சது 54 மாசம் இருக்கணும், அங்கயே 12 மாசம் இன்டர்ன்ஷிப், திரும்பி வந்து இங்க ஒரு பரீட்சை, இங்கயும் 12 மாசம் இன்டர்ன்ஷிப். 35 வயசுல அந்த வழிய நான் யாருக்கும் சிபாரிசு பண்ண மாட்டேன், வருஷம் கூடுது, குடும்பத்த விட்டு தூரமும் கூடுது.

இங்க ஒருத்தர பத்தி சொல்லியாகணும், அவரு கதை தான் எனக்கு இந்த கணக்கயே கத்துக் குடுத்துச்சு. ஆரணிக்காரரு, மருந்து கம்பெனி ரெப்பு, அப்ப 31 வயசு. பைக்ல பேக மாட்டிகிட்டு செய்யாறு, போளூர், ஆற்காடுன்னு சுத்துற மனுசன், டாக்டர் ரூம் வாசல்ல காத்திருக்கிற நேரத்துல போன்ல பயாலஜி படிப்பாரு. 2022ல எழுதினாரு. கோவிட்ல எல்லாம் தள்ளிப் போயி அந்த வருஷம் பரீட்சை ஜூலை 17, ரிசல்ட்டு செப்டம்பர், கவுன்சிலிங் அக்டோபர். நல்லா தான் எழுதினாரு. அரசு காலேஜ் கெடைக்கல, தனியார் காலேஜ்ல கவர்மெண்ட் கோட்டா சீட்டு கெடச்சுது. வருஷத்துக்கு ஃபீஸ் மட்டும் நாலு லட்சத்துக்கு மேல. சேர்றதுக்கு கெடச்சது சில நாளு தான். கம்பெனில மூணு மாச நோட்டீஸ், விடமாட்டேன்னாங்க. பேங்க்ல கல்விக் கடன் கேட்டாரு, ஏற்கனவே வீட்டுக் கடன் ஓடுது, வேலையும் போகுது, வருமானம் எங்கன்னு கேட்டு அலய விட்டாங்க. கடைசி நாள் சாயங்காலம் எனக்கு போன் பண்ணாரு, "சார் விட்டுட்டேன்"னு மட்டும் சொன்னாரு, அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் பேச்சு வரல.

அவரு பரீட்சைக்கு தயாரா இருந்தாரு. சேர்றதுக்கு தயாரா இல்ல. அந்தத் தப்புல எனக்கும் பாதி பங்கு இருக்கு, ஏன்னா ஒரு வருஷம் முழுக்க அவருகிட்ட மார்க்க பத்தி மட்டும் தான் பேசினேன், ஒரு நாள் கூட நோட்டீஸ் பீரியட் எத்தன மாசம்னு கேக்கல. அடுத்த வருஷம் அந்த மார்க்கு செல்லாது, மறுபடி மொதல்ல இருந்து, அவருக்கு மனசு விட்டுப் போச்சு.

அதனால இப்ப யாரு வந்தாலும் மொதல்ல ஒரு காலண்டர எடுத்து கடைசில இருந்து எழுதச் சொல்றேன். காலேஜ் சேர்றது ஆகஸ்ட் செப்டம்பர் வாக்குல. கவுன்சிலிங் ஜூலைல ஆரம்பிக்கும், அதுல அரசு சீட்டுல 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு, மிச்சம் 85 நம்ம மாநிலத் தேர்வுக் குழு. ரிசல்ட்டு ஜூன். பரீட்சை வழக்கமா மே மாசம் மொத ஞாயிறு, 2023ல மே 7, 2024ல மே 5, 2025ல மே 4. அப்ளிகேஷன் பிப்ரவரி மார்ச். இதெல்லாம் கொஞ்சம் முன்ன பின்ன நகரும், 2020லயும் 2021லயும் பரீட்சையே செப்டம்பர்ல தான் நடந்துச்சு, ஆனா வரிசை மாறாது. அந்த ஆகஸ்ட்டுல இருந்து நாலரை வருஷம் படிப்பு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், மொத்தம் அஞ்சரை வருஷம் சம்பளம் கிடையாதுன்னு வச்சிக்கணும், கடைசி வருஷம் ஸ்டைபண்டு வரும். தியரிக்கு 75 சதவீதம் பிராக்டிகலுக்கு 80 சதவீதம் அட்டெண்டன்ஸ் வேணும், அதனால பகல்ல காலேஜ் நைட்ல ட்யூட்டின்னு சமாளிச்சிக்கலாம்னு யாரும் நெனைக்க வேணாம், ரெண்டாவது மாசமே உடம்பு ஒத்துக்காது.

இன்னொரு விஷயம், கவுன்சிலிங்ல சீட்ட எடுத்துட்டு விடுறது இப்ப சாதாரண விஷயம் இல்ல. பிந்தின ரவுண்டுகள்ல ஒதுக்கீடு ஆகி சேரலன்னா டெபாசிட் போகும், அகில இந்திய கவுன்சிலிங்ல கடைசி ரவுண்டுல வந்த சீட்ட விட்டா அடுத்த வருஷம் எழுதவே தடை வரும். சும்மா ஆப்ஷன் குடுத்து பாக்கலாம்னு வெளயாடக் கூடாது.

குடியாத்தம் அம்மாவோட கணக்க அன்னிக்கே உக்காந்து போட்டோம். பொண்ணு நாலாவது படிக்கிறா. வீட்டுக்காரரு ராணிப்பேட்டைல ஒரு தோல் கம்பெனில சூப்பர்வைசர். வீட்டு லோன் 2027 மார்ச்சோட முடியுது. ரெண்டு நகைக் கடன். 2026 ஆகஸ்ட்ல வேலைய விட்டா லோனு ஏழு மாசம் தொங்கும், பொண்ணு அஞ்சாவது நடுவுல இருப்பா. 2027ல விட்டா லோன் முடிஞ்சிருக்கும், பொண்ணு ஆறாவதுக்கு எப்படியும் வேற ஸ்கூல் மாறணும், பாட்டி வூட்டு பக்கத்துல சேத்துடலாம். "அப்ப 2027 தானா அண்ணா?"ன்னு கேட்டாங்க. குரல்ல ஏமாத்தம் இருந்துச்சு, எனக்கு புரியுது, அந்த வயசுல ஒரு வருஷம்ங்கறது பெருசு. ஆனா பாருங்க, 2027ல சேர்ந்தா 2033 ஆரம்பத்துல முடிப்பாங்க, வயசு 42 இல்ல 43. 2026ல சேர்ந்தா அதுல ஒண்ணு கம்மி. தமிழ்நாட்டுல அரசு வேலைல ஓய்வு வயசு இப்ப 60, சொந்தமா பாத்தா அதுக்கும் மேல. அந்த ஒரு வருஷத்த மிச்சம் பண்றேன்னு சீட்டு கெடச்சும் சேர முடியாம போறது எவ்வளவு பெரிய நஷ்டம்னு ஆரணிக்காரர பாத்தவன் நானு.

2027க்குன்னு முடிவு பண்ணா 2026ல எழுதவே கூடாதான்னா, எழுதணும். தடவ கணக்கு இல்லாததால அது ஒரு முழு ஒத்திகை, 2025ல ஃபீஸ் பொதுப் பிரிவுக்கு 1700, ஓபிசிக்கு 1600, எஸ்சி எஸ்டிக்கு 1000, அதுக்கு மேல செலவில்ல. ஆனா அது ஒத்திகைன்னு வீட்டுல மொதல்லயே சொல்லிடணும். இல்லன்னா மார்க்கு கம்மியா வந்தா "நாங்க தான் சொன்னோமே"ன்னு சொந்தக்காரங்க ஆரம்பிச்சிடுவாங்க, நல்லா வந்தா "சேந்துடேன்"னு ஆரம்பிச்சிடுவாங்க, ரெண்டுமே ஆபத்து.

கஷ்டமான வருஷமா சுலபமான வருஷமான்னு பாத்து எழுதலாமான்னும் கேக்குறாங்க. அத யாராலயும் சொல்ல முடியாது. 2024ல 67 பேரு 720க்கு 720ன்னு மொதல்ல வந்துச்சு, கருணை மார்க்கு, வினாத்தாள் கசிவுன்னு நாடே கொந்தளிச்சு, திருத்தின ரிசல்ட்ல அது 17 ஆச்சு. அடுத்த வருஷமே பிசிக்ஸ்ல பசங்க அழுதுகிட்டு வெளிய வந்தாங்க, 2025ல நாட்டுலயே மொத மார்க்கு 686 தான். 2024ல 600 வாங்கினவனும் 2025ல 600 வாங்கினவனும் ஒண்ணில்ல. பொதுப் பிரிவுக்கு தகுதி மார்க்கு 2024ல 162, 2025ல 144. தகுதிங்கறது கவுன்சிலிங்குக்கு விண்ணப்பிக்கலாம்ங்கறதுக்கு மட்டும் தான், அரசு சீட்டு அதுக்கு ரொம்ப மேல போனா தான். போர்டுல தகுதி மார்க்கு, அரசு சீட்டு மார்க்கு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வச்சிருக்கேன், வர்றவங்க எல்லாம் இத ஒண்ணுன்னு நெனச்சி ஏமாறுறாங்க.

நம்ம தலமுறைக்கு இதுல இன்னொரு வலியும் இருக்கு. தமிழ்நாட்டுல 1984ல நுழைவுத் தேர்வு வந்துச்சு, 2006 வரைக்கும் இருந்துச்சு. அப்புறம் எடுத்துட்டாங்க, 2007ல இருந்து 2016 வரைக்கும் பிளஸ் டூ மார்க்கு தான், பயாலஜிய நூறுக்கு, பிசிக்ஸ் கெமிஸ்ட்ரிய அம்பது அம்பதுக்கு சுருக்கி 200க்கு கட் ஆஃப். 2017ல இருந்து நீட்டு. குடியாத்தம் அம்மா நுழைவுத் தேர்வு இல்லாத மொத வருஷத்து பேட்ச், அரைப்புள்ளி ஒரு புள்ளில சீட்டு போற காலம், அப்படி சீட்டு போயி தான் நர்சிங் சேர்ந்தாங்க. இந்த ஊர்ல பொறந்தவங்களுக்கு அது இன்னும் உறுத்தும், தெனமும் டாக்டர் படிப்புக்கு நடுவுல தான நடக்குறோம். சிஎம்சிய ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மா திண்டிவனத்துல ஒரே ராத்திரில மூணு பொம்பளைங்க பிரசவத்துல செத்தத பாத்துட்டு தான் டாக்டருக்கு படிக்கப் போனாங்க, 1899ல டிகிரி வாங்கும்போது அவங்களுக்கு 28 வயசு, 1900ல வேலூர் வந்து ஒத்தக் கட்டில் கிளினிக்கா தொடங்கினாங்க, 1918ல பொம்பளைங்களுக்குன்னு மெடிக்கல் ஸ்கூல் திறந்தாங்க. அந்த காலேஜும் சொந்தமா நுழைவுத் தேர்வு வச்சிருந்துச்சு, நீட்ட எதுத்து கேஸ் நடத்துச்சு, 2020 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டு சிறுபான்மை காலேஜுக்கும் நீட்டு தான்னு சொல்லிடுச்சு. அதனால சிஎம்சின்னாலும் சரி, 2005ல வந்த அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரின்னாலும் சரி, வழி ஒண்ணு தான், அந்த மே மாச ஞாயித்துக்கெழம.

இப்ப ஆவணம். சின்ன விஷயம்னு விட்டுடுவாங்க, ஆனா நேரத்த திங்கிறது இது தான். கல்யாணம் ஆன பொம்பளைங்களுக்கு பத்தாவது மார்க் ஷீட்டுல அப்பா இனிஷியல், ஆதார்ல வீட்டுக்காரர் பேரு. அப்ளிகேஷன் மார்ச்சுல மூடுற நேரத்துல இத பாத்து பதறினா ஆகாது, ஆதார பத்தாவது மார்க் ஷீட்டுக்கு ஒத்தபடி மாத்துறத முந்தின வருஷமே முடிச்சிடணும். ரெண்டாவது, 7.5 சதவீத ஒதுக்கீடு. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சவங்களுக்கு 2020ல வந்த சட்டம், இது இப்ப முடிச்ச பசங்களுக்கு மட்டும்னு நெறய பேரு நெனச்சிகிட்டு இருக்காங்க. 2022 ஜனவரில தர்மபுரி பக்கம் 61 வயசு ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் இந்த ஒதுக்கீட்டுல கவுன்சிலிங் வரைக்கும் வந்து, டாக்டரான மகன் "இளசுங்களுக்கு விட்டுக் குடுப்பா"ன்னு கேட்டதால ஒதுங்கிகிட்டாரு. அவரு முடிவுல எனக்கு மரியாதை உண்டு, ஆனா 35 வயசுக்காரங்களுக்கு அந்த நியாயம் பொருந்தாது, அவங்க முன்னாடி இன்னும் இருவது வருஷ சேவை இருக்கு.

குடியாத்தம் அம்மா இந்த ஒதுக்கீட்டுக்காக அவங்க படிச்ச அரசு ஸ்கூலுக்கே போயி பழைய சேர்க்கை பதிவேட்ட தேட வச்சாங்க. நானும் ஒரு நாள் கூடப் போனேன். பெரிய நோட்டு, ஓரம் எல்லாம் கரையான் அரிச்சிருந்துச்சு, கிளார்க் அம்மா விரல வச்சு ஒவ்வொரு வரியா எறங்கி வந்தாங்க, 2000 ஜூன், ஆறாம் வகுப்பு, இவங்க பேரு, இவங்க அப்பா கையெழுத்து. அப்பா எறந்து ஒம்போது வருஷம் ஆச்சாம். அந்த கையெழுத்து மேல கைய வச்சிட்டு ரொம்ப நேரம் நின்னாங்க. பொனஃபைட், அதாவது இங்க தான் படிச்சாங்கன்னு ஸ்கூல் குடுக்குற சான்று, கைக்கு வர மூணு தடவ போக வேண்டி இருந்துச்சு, யாரு மேலயும் தப்பு இல்ல, இருபது வருஷத்து பேப்பரு அப்படித் தான் வரும். ஜூலைல கவுன்சிலிங் தேதி குடுத்த பிறகு இத ஆரம்பிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சு பாருங்க.

பயாலஜி இல்லாம படிச்சவங்க, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்து இன்ஜினியரிங் முடிச்சவங்க, அவங்களுக்கு கணக்கு இன்னும் ஒரு வருஷம் பின்னாடி போகும். 2023 நவம்பர்ல தேசிய மருத்துவ ஆணையம் பிளஸ் டூவுக்கு அப்புறம் பயாலஜிய கூடுதல் பாடமா பாஸ் பண்ணாலும் தகுதி உண்டுன்னு அறிவிச்சாங்க, அதுக்கு முன்னாடி அந்தக் கதவே மூடி இருந்துச்சு. ஆனா அந்தப் பாடத்த அங்கீகாரம் உள்ள போர்டுல பிராக்டிகலோட எழுதி முடிக்க ஒரு முழு சீசன் ஆகும், அத முடிக்காம மே மாசத்த குறிக்காதீங்க. பிளஸ் டூல பொதுப் பிரிவுக்கு பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி பயாலஜி சேத்து 50 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 40.

படிக்கறதுக்கு எவ்வளவு நாள்? வேலைல இருக்குறவங்களுக்கு நான் பாத்த வரைக்கும் ஒன்றரை வருஷம் நேர்மையா வேணும். பழைய புத்தகம் ஒதவாது. மாநிலப் பாடத்திட்டம் பதினொண்ணாவதுக்கு 2018ல, பன்னெண்டாவதுக்கு 2019ல மொத்தமா மாறிடுச்சு, நீட் சிலபஸும் 2024 பரீட்சைல இருந்து கொறச்சிட்டாங்க, கெமிஸ்ட்ரில திட நிலை, பாலிமர், பயாலஜில செரிமானம், தாவரங்கள்ல கடத்தல்னு சில பாடம் போயிடுச்சு. அண்ணன் பையனோட பழைய மெட்டீரியல வாங்கி வச்சிகிட்டு போன பாடத்த ரெண்டு மாசம் படிச்சவங்கள பாத்திருக்கேன்.

நர்ஸ்னா பயாலஜி ஈசின்னு வெளில சொல்வாங்க. பாதி தான் உண்மை. ஈசிஜில டி அலை என்னன்னு கேட்டா குடியாத்தம் அம்மா தூக்கத்துலயும் சொல்லுவாங்க, ஆனா 90 பயாலஜி கேள்வில கிட்டத்தட்ட பாதி செடி, கொடி, மகரந்தம், சி4 சுழற்சி, அதெல்லாம் பதினெட்டு வருஷமா அவங்க கண்ணுல படாதது. வார்டுல செய்ற பழக்கத்த வச்சு பதில் போட்டு தப்பும் பண்றாங்க, கேள்வி கேக்குறவன் புத்தக வரிய கேக்குறான், இவங்க பேஷண்ட நெனச்சி பதில் சொல்றாங்க. பெரிய தடை பிசிக்ஸ். கால்குலேட்டர் கிடையாது, 180 நிமிஷம், 180 கேள்வி. 2021ல இருந்து 2024 வரைக்கும் 200 கேள்வில 180 எழுதினா போதும், 2022ல இருந்து நேரமும் 200 நிமிஷம், 2025ல அந்த சலுகைய எடுத்துட்டாங்க. சரியா போட்டா 4, தப்புக்கு 1 போகும். மனக்கணக்கு வேகம் திரும்ப வர்றதுக்கே எங்க மாடில மூணு மாசம் ஆகுது, தெனமும் இருவது சின்ன கணக்கு, பெருக்கல், பத்தின் அடுக்கு, மடக்கை, பேனாவ மட்டும் வச்சு.

தமிழ் மீடியத்துல படிச்சவங்க மொழி எதுன்னு அப்ளிகேஷன் போடுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடணும். தமிழ்னு குடுத்தா வினாத்தாள்ல தமிழும் இங்கிலீஷும் ரெண்டும் இருக்கும், சந்தேகம் வந்தா இங்கிலீஷ் தான் இறுதி. 2018ல தமிழ் மொழிபெயர்ப்புல 49 கேள்வி தப்புன்னு ஹைகோர்ட்டு மதுரை கிளை 196 மார்க்கு குடுக்கச் சொன்னாங்க, சுப்ரீம் கோர்ட்டு அத ரத்து பண்ணிடுச்சு. அதனால தமிழ்ல படிங்க, ஆனா ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்துல இங்கிலீஷ் பேரையும் எழுதி பழகுங்க. இவங்க நர்ஸ்ங்கறதால இது ஒண்ணு சுலபமா வந்துடுச்சு.

கடைசியா அந்த நாளு. மத்தியானம் 2ல இருந்து 5. ஒன்றரைக்கு கேட்டு மூடிடுவாங்க, அதுக்கு முன்னாடி வெயில்ல வரிசை. வேலூர் மே மாசம் எப்படின்னு நான் சொல்ல வேணாம், 2025ல பரீட்சையும் அக்னி நட்சத்திரமும் ஒரே நாள்ல தொடங்குச்சு, மே 4. நைட் ட்யூட்டி பாக்குறவங்களுக்கு மத்தியானம் ரெண்டு மணிங்கறது உடம்பு தூங்குற நேரம். இத நான் அவங்ககிட்ட நேரடியா பாத்தேன். ஆகஸ்ட்ல ஒரு ஞாயித்துக்கெழம, ஃபேன் மட்டும் ஓடுற ரூம்ல, ரெண்டு மணிக்கு டெஸ்ட் வச்சேன். மொத நாப்பது கேள்வி பட்பட்னு போட்டாங்க. மூணே காலுக்கு பேனா நின்னு போச்சு, கண்ணு தொறந்தே இருக்கு, ஆனா ஒரே கேள்விய நாலாவது தடவ படிச்சிகிட்டு இருக்காங்க. உள்ளங்கை வேர்வை ஓஎம்ஆர் தாள்ல பட்டு ஒரு வட்டத்தோட மை இழுத்து பக்கத்து வட்டத்துக்கு போயிடுச்சு. அந்தத் தாள அவங்க எடுத்துட்டுப் போய் வீட்டு பீரோ கதவுல ஒட்டி வச்சிருக்காங்க. அதுல இருந்து கைக்கு கீழ ஒரு கர்சீப் மடிச்சு வச்சு பழகுறோம், ஹால்ல விடுவாங்களான்னு அட்மிட் கார்டு வந்ததும் அதுல இருக்குற விதிய பாத்துக்கணும். நர்சிங் சூப்பரிண்டென்டன்ட் கிட்ட பேசி வர்ற மார்ச்சுல இருந்து பகல் ட்யூட்டி கேட்டிருக்காங்க, ஒத்திகை வருஷத்துலயே.

போன வாரம் வந்தாங்க. பையில இருந்து ஒரு சின்ன தினசரி காலண்டர் அட்டைய எடுத்து காட்டினாங்க, பின்பக்கம் வெள்ளையா இருக்கும்ல, அதுல பென்சில்ல கீழ இருந்து மேல எழுதியிருந்தாங்க. அடியில "2027 ஆகஸ்ட், வேலைய விடுறது". அதுக்கு மேல "மே, நோட்டீஸ் குடுக்குறது", பரீட்சை முடிஞ்ச மறுநாள். அதுக்கு மேல லோனு, பொண்ணு ஸ்கூலு, பொனஃபைட்டுக்கு ஒரு டிக்கு, ஆதாருக்கு ஒரு டிக்கு. "இது சரியா இருக்காண்ணா?"ன்னு கேட்டாங்க. நகைக் கடன மட்டும் காணோம்னேன். பென்சில வாங்கி லோனுக்கு பக்கத்துல இடுக்குல அதையும் எழுதிட்டு, எட்டு மணி பஸ்சுக்கு நேரமாச்சுன்னு எறங்கிப் போனாங்க, அன்னிக்கும் நைட் ட்யூட்டி.